எந்த ஆங்கிலம்? – கடிதம்

அன்புள்ள சார்,

நான் திருவண்ணாமலை மாவட்டம். ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.ஏ. ஃபங்ஷனல் இங்கிலீஷ் படித்தேன். பிறகு எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்தேன். முதுகலை ஆசிரியர் தேர்வுக்குத் தயாராக ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது அங்கிருந்த சார் என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "உன் யு.ஜி. வேற மேஜர்ம்மா. எக்ஸாம்ல பாஸ் பண்ணினாலும் சி.வி.யில, அதான் சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல, தூக்கிடுவாங்க" என்றார். அன்றிலிருந்து படிப்பில் மனம் போகவில்லை. நான் படித்ததும் ஆங்கிலம்தானே சார்? என் தம்பி பி.எஸ்சி. கணிதம். ஆங்கில ஆசிரியருக்கு எங்கேயும் வேலை உண்டு என்று அப்பா சொன்னதால் இப்போது தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம் படிக்கிறான். இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட வேண்டும். மொழி படிப்பதா, இலக்கியம் படிப்பதா? எதுதான் செல்லும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பயிற்சி மையத்து சார் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை அவர் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது அதற்கு இணையான பாடத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. அவர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். உங்கள் விஷயம் முழுக்க அந்த 'இணையான' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நானும் ஒரு சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனேன். பெரிய கூடம், நீள மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒருவர். என் மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். பட்டச் சான்றிதழை வாங்கி, மர ஸ்கேலை எடுத்து, பாடத்தின் பெயர் இருந்த வரிக்குக் கீழே வைத்தார். 'இங்கிலீஷ் அண்ட் கம்பாரட்டிவ் லிட்ரேச்சர்' என்று இருந்தது. ஸ்கேலை மெல்ல நகர்த்தி, 'அண்ட்' வந்ததும் நிறுத்தினார். "தம்பி, இந்த அண்டுக்கு என்ன செய்யறது?" என்றார். நான் மில்டனையும் டிக்கன்ஸையும் படித்த கதையைச் சொன்னேன். மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சிருக்கீங்க, அது தெரியுது. இதுக்கு ஜி.ஓ. இருக்கா?" என்றார்.

ஜி.ஓ., அதாவது அரசாணை, என்று ஒன்று இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு ஓடினேன். 'இது எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது' என்று லெட்டர்பேடில் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். திரும்பி வந்து நீட்டினேன். பல்கலைக்கழகம் சொன்னால் போதாது, அரசு சொல்ல வேண்டும் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அந்த முறை வேலை போயிற்று. இரண்டு வருடம் கழித்து வேறொரு கல்லூரியில் சேர்ந்தேன், அது தனிக் கதை. அந்த மர ஸ்கேல் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

படிக்க உள்ளே விடுகிறவரும் வேலைக்கு எடுக்கிறவரும் வேறு வேறு ஆட்கள், எஸ். எம்.ஏ.வில் யாரைச் சேர்ப்பது என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. பல இடங்களில், இளங்கலையில் இரண்டாம் பகுதியாக, அதாவது பொதுப் பாடமாக, ஆங்கிலம் படித்திருந்தாலே எம்.ஏ. ஆங்கிலத்தில் இடம் கொடுத்துவிடுவார்கள். கணிதம் படித்த உங்கள் தம்பிக்கு அப்படித்தான் இடம் கிடைத்திருக்கும். அந்தப் பட்டத்தை எந்த வேலைக்கு ஏற்பது என்பது வேலை தருகிறவரின் முடிவு. முதலாமவர் கதவைத் திறந்ததால் இரண்டாமவரும் திறந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போகிறார்கள், நிறையப் பேர். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜம்மு காஷ்மீரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மின்துறையில் டெக்னீஷியன் வேலைக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய படிப்பான டிப்ளமோவோடு போனவர்கள், எங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என்ன தகுதி வேண்டும் என்று தீர்மானிப்பது வேலை தருகிறவரின் உரிமை, அதை நீதிமன்றம் நீட்டிப் பொருள் சொல்ல முடியாது என்று தீர்ப்பாயிற்று. பெரிய படிப்புக்கே அந்த கதி. 'எல்லாம் ஆங்கிலம்தானே' என்ற உங்கள் வாதம் நியாயமானதுதான், ஆனால் அங்கே அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இணை என்று யார் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தில். இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைப்பார்கள். அதன்மேல் உயர்கல்வித் துறை அரசாணை போடும். 'இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் இன்ன பட்டம், அரசுப் பணி நியமனத்துக்கு பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது' என்ற மாதிரி இருக்கும். இணையில்லை என்றும் அரசாணை வருவதுண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆணை போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தோழி வேறொரு பல்கலையில் படித்த ஃபங்ஷனல் இங்கிலீஷுக்கு ஆணை இருந்தால் அது உங்களுக்குச் செல்லாது. அவளுடையது மறுக்கப்பட்டிருந்தால் உங்களுடையதும் போயிற்று என்றும் அர்த்தமில்லை.

இன்னொரு கண்ணி தேதி. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் இதை வெளிப்படையாகவே போடுகிறார்கள்: அறிவிக்கை வெளியான தேதிக்கு முன்போ அந்தத் தேதியிலோ வந்த இணைத்தன்மை ஆணைதான் செல்லும். ஒரு வாரம் கழித்து வந்தாலும் அந்த முறைக்கு உதவாது. தேர்வு எழுதி, பாஸ் செய்து, சி.வி.க்கு அழைப்பு வந்த பிறகு ஆணையைத் தேடி அலைகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

உங்கள் படிப்புக்கு ஏன் இந்தத் தலைவலி வந்தது என்றும் சொல்ல வேண்டும். ஃபங்ஷனல் இங்கிலீஷ் கெட்ட நோக்கத்தோடு பிறந்த படிப்பு அல்ல. 1994-95-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), இளங்கலைப் படிப்பில் தொழில் சார்ந்த பாடங்களைச் சேர்க்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஒன்று இது. வேர்ட்ஸ்வொர்த்தை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை, போனில் நாலு வார்த்தை பேச வரவில்லை என்ற குறையிலிருந்து வந்தது. குறையும் உண்மைதான், நானே அப்படித்தான் படித்துவிட்டு வந்தேன். ஒலியியல், உரையாடல், பத்திரிகை எழுத்து, அலுவலகக் கடிதம் என்று பாடங்களை அமைத்தார்கள். கல்லூரிகள் அதைப் பார்த்து கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், இங்கிலீஷ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று விதவிதமாகப் பெயர் வைத்து, முழுப் பட்டங்களாகவே நடத்த ஆரம்பித்தன. புதுப் பெயர் போட்டால் அட்மிஷன் கூடும். ஆனால் படிப்பைத் தொடங்கும் அன்றே இணைத்தன்மைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் எத்தனை? என் கோபமெல்லாம் அங்கேதான். ஸ்கேல் வைத்தவர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. பதினேழு வயதுப் பெண் பிராஸ்பெக்டஸைப் பார்த்துச் சேரும்போது, 'அம்மா, இதற்கு இன்னும் ஜி.ஓ. வரவில்லை' என்று ஒரு வரி அச்சடித்திருக்க வேண்டியது அவர்கள்.

இன்னொரு வேடிக்கை. பயன்பாட்டு ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லிப் படிப்பைத் தொடங்கியவர்கள், தேர்வை மாற்றவில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைகதை, உரைநடை, பண்பாட்டு ஆய்வு, விமர்சனம், கோட்பாடு, ஆய்வு முறை. மொழிக்கும் அதன் கற்பித்தலுக்கும் ஒரு அலகு, இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாற்றுக்கு ஒன்று. ஆக, இங்கிலீஷ் லாங்வேஜ் டீச்சிங்கில் எம்.ஏ. வாங்கிய ஒருவர், தான் இரண்டு வருடம் படித்த விஷயத்தைக் கேட்கும் கேள்விகளை அதில் தேடிப் பொறுக்க வேண்டும். பள்ளிப் பக்கம் இதைவிட மோசம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில், ஆங்கிலப் பட்டதாரி ஆங்கிலத்தில் எழுதுவது 30 மதிப்பெண்ணுக்கு. அவர் கணிதம்-அறிவியலையோ சமூக அறிவியலையோ தேர்ந்தெடுத்து எழுத வேண்டியது 60 மதிப்பெண்ணுக்கு. சோழர் கால நிர்வாகமும் பருவக்காற்றும் தெரிந்தால்தான் ஆங்கில ஆசிரியராகலாம். என் மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், பிறகு ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் திறப்பார்கள்.

வெளிநாட்டுக்குப் போனால் நம் ஆங்கிலப் பட்டத்தின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். கனடாவின் குடியேற்ற முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் மொழித் தேர்வு எழுதியாக வேண்டும். எம்.ஏ., எம்.ஃபில். ஆங்கிலம் முடித்த என் மாணவி ஒருத்தி ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போனபோது, "சார், நான் பாடம் நடத்தினவ சார்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அதுவும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்று கேட்டபோதுதான் உண்மையிலேயே அழுதாள்.

இப்போது தம்பி. அவர் விஷயம் உங்களுடையதைவிடச் சிக்கல், ஆனால் தப்பிக்க இன்னும் நேரம் இருக்கிறது. பி.எஸ்சி. கணிதமும் எம்.ஏ. ஆங்கிலமும் சேர்ந்தால் அதற்குக் கிராஸ் மேஜர் என்று பெயர். அரசுப் பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியராக அது உதவாது. அந்த இரண்டையும் இணையாக்க எந்தக் குழுவாலும் முடியாது. தொலைதூரக் கல்வி என்பது இங்கே பிரச்சினையே இல்லை, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருந்தால் பட்டம் பட்டம்தான். கல்லூரி வேலை என்றால் கணக்கு வேறு. அங்கே முக்கியமாகப் பார்ப்பது முதுகலையை. அதில் 55 சதவீதம் (பட்டியலினத்தவர், கிரீமி லேயர் என்ற வசதி படைத்த பிரிவுக்குள் வராத பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு), கூடவே நெட் அல்லது மாநில அளவிலான செட். 2023 ஜூலையில் யு.ஜி.சி. நெட் அல்லது செட்டைத்தான் குறைந்தபட்சத் தகுதியாக அறிவித்தது. ஆங்கிலத்தின் மேல் அவருக்கு உண்மையான ஆசை இருந்து, அந்த நெட் பாடத்திட்டத்தைப் பார்த்தும் பயம் வரவில்லை என்றால் தொடரட்டும். அப்பா சொன்னார் என்பது மட்டும்தான் காரணம் என்றால், கையில் இருக்கும் கணிதத்தை ஏன் வீணாக்க வேண்டும்? பி.எட்.டும், முடிந்தால் எம்.எஸ்சி.யும் படித்தால் கணித ஆசிரியராக நேர்வழி இருக்கிறது.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற குரூப் 1, குரூப் 2 வேலைகளுக்கு உங்கள் ஃபங்ஷனல் இங்கிலீஷை யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த அளவில் கவலை இல்லை. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு, அந்த வேலைக்குரிய கல்வித் தகுதிவரை முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். பட்டப்படிப்பு அளவிலான வேலையில் நமக்கு அது கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் பி.ஏ. சேர்ந்ததால் அந்த ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைகள் ஏராளம். சேரும்போது ஒருவரும் அவர்களிடம் சொல்வதில்லை.

மொழியா, இலக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்கான பதில்: இன்றைய விதிகளின்படி பட்டத்தில் 'ஆங்கிலம்' அல்லது 'ஆங்கில இலக்கியம்' என்று மட்டும் இருப்பது பாதுகாப்பு. பக்கத்தில் ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமல். எனக்குப் பிடித்த பதில் வேறு, ஆனால் அதைச் சொல்லி உங்கள் வேலையைக் கெடுக்க விரும்பவில்லை.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இணைத்தன்மை அரசாணைகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததோ அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள், ஒரு மாலை நேரம் போகும். கிடைத்தால் பிரிண்ட் எடுத்து மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உயர்கல்வித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதே சமயம் கல்லூரிக்குப் போய், நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்டத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் வாங்கிவிடுங்கள். ஆணை இதுவரை வரவில்லை என்று தெரிந்தால் உங்கள் வகுப்பில் படித்த நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு முதல்வரைப் பாருங்கள். தனியாள் அனுப்பும் மனுவைவிடக் கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் அனுப்பும் விண்ணப்பம்தான் சீக்கிரம் நகர்கிறது, என் அனுபவத்தில். படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஆணை வந்து மதிப்பெண் வராமல் போனால் யாரைக் கேட்பது?

தம்பி கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியை எழுதவில்லையே. அது நெருங்கிவிட்டது என்றால் முதலில் அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.