தாழ்ப்பாளை மாற்றிய அண்ணனுக்கு

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. காதில் யாரோ பேசுவதாக இரண்டு வருடமாகச் சொல்கிறான். போன மாதம் எதிர்வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தான். தெருவில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ராத்திரி எழுந்து போய்விடுகிறான் என்று அறைத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றிவிட்டோம். தங்கைக்கு வரன் பார்ப்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயக்கம். போலீஸில் சொல்லி இரண்டு நாள் உள்ளே வைத்தால் பயந்து அடங்குவானா?
- ஓர் அண்ணன், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஆசாரியைக் கூப்பிட்டு, கூலி பேசி, பழைய தாழ்ப்பாளைக் கழற்றி, கதவின் வெளிப்பக்கம் துளை போட்டு மாட்டியிருக்கிறீர்கள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்? இதற்கெல்லாம் நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். உங்கள் வீட்டில் நடுராத்திரி மின்கசிவு என்றால் அந்தக் கதவை யார் திறப்பது? இன்றைக்கே கழற்றுங்கள். எழுந்து போய்விடுவான் என்ற பயம் நியாயம்தான். அதற்கு வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீங்கள் ரேழியில் பாய் போட்டுப் படுங்கள். அண்ணன் என்றால் அதற்குத்தான்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். காதில் கேட்கும் குரல் லத்தியைப் பார்த்து அடங்காது. எதிர்வீட்டிலிருந்து யாரோ திட்டுவதாக அவனுக்குக் கேட்டிருக்கலாம். மிரண்டுபோய்க் கல்லெடுத்தவனை இன்னும் மிரட்டி என்ன ஆகப்போகிறது? தவிர, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்டவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 101-ஆம் பிரிவு உங்களுக்கானது: மனநோயாளியை வீட்டில் கொடுமைப்படுத்துவதாகவோ கவனிக்காமல் விட்டதாகவோ தெரிந்தால், ஸ்டேஷன் பொறுப்பதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே போலீஸை மிரட்ட அழைக்காதீர்கள். அவன் கைமீறும் நேரத்தில் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிவரை பத்திரமாகக் கொண்டுசேர்க்கப் போலீஸின் துணையைக் கேளுங்கள். இப்போதைக்கு 14416-க்குப் பேசுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு இலவச உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். வர மறுப்பவனை எப்படி அழைத்துப் போவது என்றும் அவர்களிடமே கேளுங்கள். அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு எடுங்கள்.

தங்கையின் கல்யாணத்துக்காக ஒருவனை நோயில் விட்டுவைப்பது பாவம். வரன் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துச் செய்த கல்யாணத்தில் நாளைக்கு அந்தப் பெண்தான் பேச்சு வாங்குவாள்.

எதிர்வீட்டுக் கண்ணாடியை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். தம்பிக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம், அவன் வெளியே வந்தால் அடித்துவிடாமல் எனக்கு போன் போடுங்கள் என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.