அடி கறுக்கும் பெரிய தக்காளி: பாட்டிலை வையுங்கள், பையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பிங்க் பிராண்டிவைன் என்ற பழைய மரபு ரகத் தக்காளியை மாடியில் வைத்திருக்கிறேன். 20 லிட்டர் வளர்ப்புப் பை நான்கு, பைக்கு இரண்டு செடி. கலவையில் முக்கால் பங்கு தென்னை நார்க்கழிவு, மீதி மக்கிய உரம். செடி ஆளுயரம் வந்துவிட்டது, இலை நல்ல கரும்பச்சை. ஒரு பழமே அரைக் கிலோ வரும் என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள். ஆனால் முதலில் பிடித்த ஆறு காயில் நான்கு, அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டன. பூவும் பாதி உதிர்கிறது. இலை உருளைக்கிழங்கு இலை போல இருப்பதால் விதையிலேயே ஏமாந்துவிட்டேனோ என்று சந்தேகம். உரக்கடைக்காரர் கால்சியம் தெளிப்பு, பூ டானிக், எப்சம் உப்பு மூன்றும் கொடுத்தார். இரண்டு வாரமாகத் தெளித்தும் பலன் இல்லை. காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். கால்சியத்தின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், நிறுத்திவிடுங்கள். விதை கொடுத்தவர் மேல் உள்ள சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், அந்த மனிதர் பாவம். பிங்க் பிராண்டிவைனுக்கு உருளை இலைதான் அடையாளம். அது ஒடுங்கிய பண்பு, அதாவது தாய் தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஓரம் வெட்டு வெட்டாக உள்ள சாதாரணத் தக்காளி இலையோடு ஒரு நாற்று முளைத்திருந்தால்தான் ரகம் கலந்துவிட்டது என்று நீங்கள் சண்டைக்குப் போயிருக்கலாம்.

இனி அடி கறுப்பது. இது பூஞ்சாணம் இல்லை, தொற்றும் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். "அப்படியானால் கால்சியம் கொடுத்தது சரிதானே" என்பீர்கள். கடைக்காரரும் இந்த இடத்தில்தான் உங்களைப் பிடித்தார். கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். இலை நாள் முழுக்க நீராவி விடுவதால் தண்ணீரை இழுக்கும், கூடவே கால்சியமும் இலைக்கே போகும். காயின் தோலில் இலைத்துளை கிடையாது, அதனால் அது இழுப்பது கொஞ்சம்தான். இலைக்குள் போய்விட்ட கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது. ஆக நீங்கள் இலை மேல் தெளித்ததெல்லாம் இலையோடு சரி. காயின் மேலேயே அடித்தாலும் மெழுகுத் தோலைத் தாண்டிப் பெரிதாக எதுவும் உள்ளே போவதில்லை. எப்சம் உப்பு இன்னும் மோசம். அது மெக்னீசியம். வேர் உறிஞ்சும்போது மெக்னீசியமும் கால்சியமும் ஒன்றோடொன்று போட்டி போடும். அடி கறுக்கும் செடிக்கு எப்சம் உப்பைக் கையில் எடுத்துக் கொடுப்பவர், ஒன்று தெரியாமல் விற்கிறார், அல்லது தெரிந்தே விற்கிறார். எதுவாக இருந்தாலும் அடுத்த முறை அவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தும். தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும், கால்சியம் குறைவு. சரியாகப் பதப்படுத்தாத நார்க்கழிவு நாம் கொடுக்கும் கால்சியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பையிலும் ஒரு சிறிய கைப்பிடி ஜிப்சத்தை (கால்சியம் உள்ள தாதுப் பொடி) மேலாகக் கிளறிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒருமுறை போதும். கால்சியம் வேருக்குத்தான் போக வேண்டும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். அது கரைவதற்குள் இந்தச் செடியின் காலமே முடிந்துவிடும். மக்குக் குழியில் போட்டு வையுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் நோய் இருக்கிறது: 20 லிட்டர் பை, இரண்டு செடி, இரண்டு குவளை தண்ணீர்.

பெரிய பழத் தக்காளி வளர்ந்துகொண்டே போகும் வகை. ஒரு செடிக்கே 50 லிட்டர் மண் வேண்டும், 60 இருந்தால் நிம்மதி. உங்கள் செடிக்குக் கிடைத்திருப்பது 10 லிட்டர். ஆளுயரச் செடி ஒன்று வெயில் நாளில் சில லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். காலையில் ஊற்றிய குவளை மேல் நாலு விரல் ஆழத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும், அடி வேர் காய்ந்தே கிடக்கும். மதியம் செடி துவளும், மாலையில் மறுபடி குவளை வரும். துவண்ட அந்தச் சில மணி நேரத்தில் காய்க்குக் கால்சியம் வருவது நின்றுபோகிறது. காய் பிடித்த முதல் இரண்டு மூன்று வாரத்தில், அது வேகமாகப் பருக்கும்போது இது நடந்தால், கறுப்பு பின்னால் கண்ணுக்குத் தெரிய வரும். சிறிய பழ ரகம் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அரைக் கிலோ காய் தாங்காது.

ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு பைக்கு ஒரு செடியை எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அறுபடும், அதனால் தரையோடு ஒட்டி வெட்டுங்கள். நான்கு செடி போய்விடுகிறதே என்று வருத்தம் வேண்டாம், இப்போது எட்டுச் செடியும் சேர்ந்து உங்களுக்குக் கொடுத்தது இரண்டு காய். மிஞ்சும் நான்கையும் பெரிய பைக்கு மாற்றலாம். பழைய பையைப் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, தண்டில் ஒரு சாண் புதையும்படி வையுங்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர் விடும். மாலை நேரத்தில் செய்யுங்கள், இரண்டு நாள் நிழல் கொடுங்கள்.

குவளையைத் தூக்கி எறியுங்கள். அடித்துளையில் தண்ணீர் வடியும் வரை ஊற்ற வேண்டும். அடுத்து எப்போது என்பதை விரல் சொல்லும்: நடுவிரல் முழுக்க உள்ளே போய் ஈரம் தட்டவில்லை என்றால் ஊற்றலாம். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுத் தோட்டத் தக்காளிக்கு மூடாக்கைவிட நல்ல "மருந்து" எந்தக் கடை அலமாரியிலும் இல்லை. யாரும் அதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பதால் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வசதி இருந்தால் சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். அப்புறம் அந்தக் கரும்பச்சை இலை. அதைப் பார்த்து மகிழ வேண்டாம், தழைச்சத்து மிஞ்சியிருப்பதன் அடையாளம் அது. இலை பெருக்கப் பெருக்கத் தண்ணீர் அங்கேயே போகும். காய் பருக்கும் வரை தழைச்சத்து எதுவும் போடாதீர்கள்.

பூ உதிர்வதற்கு டானிக் எதற்கு? இரவு வெப்பம் 21 டிகிரி செல்சியசுக்கு மேல் நின்றால், அல்லது பகல் 32-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் வலுவிழக்கும், பூ கழன்று விழும். பெரிய பழ ரகங்களில் இது கூடுதல். வெப்பம் தணிந்தால் தானே பிடிக்கும். அதுவரை காலை வெயில் ஏறியதும் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், தன் மகரந்தமே போதும்.

பழத்தின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழத்தை வெட்டினால் தெரியும் விதையறைகள் கூடக் கூடப் பழமும் பெரிதாகும். காட்டுத் தக்காளியில் விதையறை இரண்டுதான். பெரிய பழ ரகங்களில் அது பல மடங்கு, மரபணுவிலேயே எழுதப்பட்டு, மொட்டு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. எந்த ஊக்கியும் பின்னால் அறையைக் கூட்டாது. 1986-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டெலிஷியஸ் என்ற ரகத்தில் 3.51 கிலோ பழம் ஒன்று விளைந்து பல ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்தது. அந்த மாதிரிப் போட்டிக்கு வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்த தடித்த பூவைத் தேடிப் பிடித்து, மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கொத்துக்கு இரண்டு மூன்று காய் மட்டும் விடுங்கள், பக்கத் துளிரைக் கிள்ளி இரண்டு தண்டோடு நிறுத்துங்கள். இலையை மொட்டையடிக்காதீர்கள், காய் வெயிலில் வெந்துபோகும்.

ஒட்டிய பூவில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டுகள் வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து வைக்கும். விதை எடுக்க நினைத்தால் அந்தப் பூவைத் தவிர்த்து, ஒழுங்கான ஒரு மொட்டுக்கு, விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள்.

கறுத்த நான்கு காயையும் இன்றே பறித்துவிடுங்கள், அவை தேறாது. அடுத்த கொத்துகளில் கறுப்பு குறையும். நல்ல காய்கள் அடிப்பக்கம் நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து, நிழலில் வைத்துப் பழுக்கவிடுங்கள். ருசி குறையாது. செடியிலேயே விட்டுவைத்தால் ஒரு நல்ல மழைக்குத் தோல் வெடித்துவிடும்.