சேர்வதற்கு முன் யாரிடம் எதைக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

எனக்கு இருமுனைய மனநோய் உள்ளது. மருந்துகளை மாற்றியும் நிலை சீராகாததால், சில வாரங்கள் மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும்படி மருத்துவர் சொல்கிறார். அவ்வாறு தங்கித் திரும்பியவர்களின் இணையக் குழு ஒன்றில் பேசிவருகிறேன். ஆறுதலாக இருக்கிறது, ஆனால் சிலர் எக்காரணம் கொண்டும் போகாதே என்கிறார்கள். அண்ணனோ குழுவிலிருந்தே விலகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

விலக வேண்டியதில்லை. மருத்துவமனைவாசம் எப்படி இருக்கும் என்பதை அவர்களிடம் கேளுங்கள்; சேர்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள்.

நோயிலிருந்து மீண்டவர் நோயுற்றவருக்குத் துணைநிற்பது இணையம் கொண்டுவந்த புதுமையன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் பிசெத்ர் மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவை நிர்வகித்த புஸ்ஸான், அங்கேயே கண்டமாலை என்ற கழுத்துக் கட்டி நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். தேறிவந்த நோயாளிகளையே அவர் பணியாளர்களாக அமர்த்திக்கொண்டார். 1797இல் அங்கே நோயாளிகளைக் கட்டியிருந்த சங்கிலிகளை அகற்றியவரும் அவரே. அந்தப் பெருமை நெடுங்காலம் அங்கே முன்பு பணியாற்றிய மருத்துவர் பினெலின் பெயரில் வழங்கியது தனிக்கதை.

மருத்துவருக்கு அந்த வார்டு பணியிடம். அங்கே இரவுகளைக் கழித்தவருக்குத் தெரிவது வேறு. சேரும்போது இடைவாரையும் காலணிக் கயிற்றையும் சார்ஜர் வயரையும் வாங்கி வைத்துக்கொள்வதும், தூங்கும்போதும் அடிக்கடி வந்து பார்த்துச் செல்வதும் பல இடங்களில் தற்கொலையைத் தடுப்பதற்கான வழக்கமான ஏற்பாடுகள். இதை முன்பே அறியாதவர், தம்மைக் குற்றவாளியாக நடத்துகிறார்கள் என்றே முதல் இரவில் எண்ணிக் குமைவார். செய்வதற்கு ஒன்றுமில்லாத நீண்ட பிற்பகல்களைப் பற்றி எந்த விளக்கக் கையேடும் சொல்வதில்லை. அவற்றைக் கடந்தவர்கள் சொல்வார்கள்.

போகாதே என்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலவந்தமாகப் பிடித்துக் கட்டப்பட்ட அனுபவம் ஆறாத காயம். அதைப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நலமாகித் தம் வேலையைப் பார்க்கப் போனவர்களில் பலர் திரும்பவந்து எழுதுவதில்லை என்பதையும், எழுதுபவர் எவருக்கும் உங்கள் உறக்கமோ இரத்தத்தில் லித்தியம் என்ற மருந்தின் அளவோ தெரியாது என்பதையும் மறவாதீர்கள். குறிப்பாக, மருந்தை நிறுத்திப் பார் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்: லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீளும் ஆபத்து மிகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், வேறொரு நாட்டவரின் பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். விருப்பத்துடன் சேர்ந்தால் விரும்பியபோது வெளியேறலாமா, அல்லது குறிப்பிட்ட நேரம் தடுத்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா, எந்தச் சிகிச்சையை ஏற்பேன், எதை மறுப்பேன் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொடுத்தால் அது செல்லுமா என்பவற்றை மருத்துவரிடமே கேளுங்கள். அப்போது அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய அச்சத்துக்கும் பாதி மருந்து அங்கேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

குழு உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது வீடு திரும்பிய பிறகு. வெளிவந்த முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து மிகுதி என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த ஒன்று. வீட்டாரோ எல்லாம் முடிந்துவிட்டது என்று ஓய்ந்திருக்கும் நேரம் அது. எனவே திரும்பும் நாளைக் குழுவில் ஓரிருவரிடமாவது முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் தினமும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆயினும் நள்ளிரவில் இடும் பதிவை எவரும் பார்க்காமல் போகக்கூடும். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் பதிலுக்குக் காத்திராமல் அண்ணனை எழுப்புங்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

மருத்துவமனையில் உடன் தங்கியிருப்பவர்களைப் பற்றிக் குழுவில் எழுத வேண்டாம். அது அவர்களுடைய அந்தரங்கம். கைபேசியை உள்ளே அனுமதிக்காத மருத்துவமனைகளும் உள்ளன. ஆகவே அண்ணனுடைய எண்ணையும் நம்பிக்கையான ஓரிரு நண்பர்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.