சரக்கு பில் தனி

அன்புள்ள அக்கா,

எனக்கு 28 வயது. குரோம்பேட்டையில் அம்மாவுடன் இருக்கிறேன். தனியார் பள்ளியில் கணித ஆசிரியர், கைக்கு வருவது 26,000. கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் இன்றும் ஒன்றாக இருக்கிறோம். மற்ற ஐந்து பேரும் ஐடி, எல்லாருக்கும் லட்சத்துக்கு மேல் சம்பளம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நுங்கம்பாக்கம் பக்கம் பார் உள்ள ஏதாவது ரெஸ்டாரண்டுக்குப் போவோம். நான் குடிப்பதில்லை. கடைசியில் “சமமா போட்டுக்கலாம்டா” என்பார்கள். கூகுள் பேயில் 1,800 போய்விடும். போன வருடம் கூர்க் போக கிரெடிட் கார்டில் 20,000 போட்டேன். மினிமம் மட்டும் கட்டி வருகிறேன், இன்னும் 18,000 நிற்கிறது. அடுத்த மாதம் ஒருவனுக்குக் கல்யாணம். அதற்கு முன் ஈசிஆரில் பங்களா எடுத்துப் பார்ட்டி, தலைக்கு 6,000. கல்யாணப் பரிசுக்குத் தலைக்கு 5,000. அவர்கள் நல்லவர்கள், என்னை ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. நிலைமையைச் சொல்லிவிடுவதா, வேலை அதிகம் என்று மெல்ல விலகிவிடுவதா? நட்பில் காசு பேசுவது அசிங்கம் இல்லையா? பணம் வந்ததும் மனிதர்கள் மாறிவிடுகிறார்களா?

எம்., குரோம்பேட்டை

*

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். பணம் வந்தால் மனிதர்கள் மாறுவார்களா என்பதை வேறொரு நாள் பேசலாம். உங்கள் நண்பர்கள் மாறியதற்குக் கடிதத்தில் ஒரு தடயமும் இல்லை. விலகுவதைப் பற்றியும் பேசப்போவதில்லை. பத்து வருடச் சிநேகிதத்தை 1,200 ரூபாய்க்கு விடுகிற ஆளாக இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

அந்த 1,200 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். இந்த “சமமா போட்டுக்கலாம்” மேல் எனக்கு வெகுநாள் ஆத்திரம். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சராசரி நடத்துகிறவர் நீங்கள். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வகுப்பில் ஒருவர்கூட வாங்காமல் இருக்கலாம் என்று பலகையில் எழுதிக் காட்டுகிறவர். சனிக்கிழமை இரவு மட்டும் அதே சராசரியை வாய் திறக்காமல் கட்டிவிட்டு வருகிறீர்கள். பில்லை ஒருநாளாவது கையில் வாங்கிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருப்பீர்கள். நான் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் 1,800க்கு ஒத்து வருகிறதா பாருங்கள்.

ஆறு பேர். சாப்பாடும் குளிர்பானமும் சேர்த்து 4,200. மது, வரி உட்பட, 5,400. இரண்டின் மேலும் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். சாப்பாடு 4,620 ஆகிறது. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 231. ஆக 4,851. மது 5,940. மொத்தம் 10,791. ஆறால் வகுத்தால் 1,798 ரூபாய் 50 காசு. இதில் நீங்கள் சாப்பிட்டது ஒரு ஃப்ரைட் ரைஸ் 430, ஒரு லைம் சோடா 150. மொத்தம் 580, ஜிஎஸ்டியோடு 609. மிச்சம் ஏறக்குறைய 1,190 ரூபாய், பெரும்பகுதி அடுத்தவர் கோப்பைக்கும் கொஞ்சம் அடுத்தவர் தட்டுக்கும் சர்வீஸ் சார்ஜுக்கும் போனது. மாதம் இரண்டு முறை என்றால் 2,380. உங்கள் சம்பளத்தில் பதினொன்றில் ஒரு பங்கு, பெரும்பாலும் குடிக்காத குடிக்கு.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. “அப்படியானால் அவரவர் சாப்பிட்டதை அவரவர் கொடுப்போம்” என்று கிளம்புவீர்கள். வேண்டாம். பனீர் டிக்காவில் நான் ஒரு துண்டுதான் எடுத்தேன், நான் நாண் தொடவே இல்லை என்று மேஜையில் கணக்குப் பார்க்கிறவனோடு யாரும் இரண்டாம் முறை சாப்பிடப் போக மாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் (எடுக்கச் சொல்லலாம், பிறகு வருகிறேன்) ஜிஎஸ்டியோடு சாப்பாட்டு பில் 4,410. ஆறால் வகுத்தால் 735. நீங்கள் மட்டும் தின்றது 609. வித்தியாசம் 126. அந்த 126 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். சாப்பாட்டைச் சமமாகப் பிரிப்பதில் யாரும் கெட்டுப்போவதில்லை. ஒரு வயிறு தின்பதற்கு எல்லை இருக்கிறது. மூன்றாவது பெக்குக்குப் பிறகு மதுக் கணக்குக்கு எல்லை கிடையாது. பிரிக்க வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான்.

அதைப் பிரிப்பதும் சுலபம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசின் வாட் வரி. அதனால் பில்லில் அது தனி வரிசையாகவே நிற்கும், பல இடங்களில் தனி பில்லாகவே வரும். அரசாங்கமே பிரித்து வைத்திருப்பதை ஆறு பேர் சேர்ந்து கூட்டி, மறுபடி ஆறால் வகுக்கிறீர்கள்!

எப்போது சொல்வது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பில் வந்த பிறகு சொன்னால் அது புகார். அதோடு, அச்சடித்த பில்லைப் பிரிக்க, ஆர்டர் எடுக்கிற கேப்டன் போய் மேனேஜரைக் கூப்பிட வேண்டும், பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பத்து நிமிடம் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆர்டர் எடுக்க வரும்போதே சொல்லுங்கள். நண்பர்களிடம் அல்ல, கேப்டனிடம், எல்லார் காதிலும் விழும்படி: “சரக்கு பில் தனியா போட்டுடுங்கண்ணா.” அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார்கள். “நீ விடுடா, உன்னுது நான் போட்டுக்கறேன்” என்று ஒருவன் கை நீட்டுவான், அன்றைய இரவு முழுக்க உங்களைப் பற்றியதாகிவிடும்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் பரிமாறியவர் கையில் ரொக்கமாக ஏதாவது கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். காசில்லை என்பது அவர் வயிற்றில் அடிக்கக் காரணம் ஆகாது. இன்னொன்று: மொத்த பில்லை ஒருவன் ஏதாவது ஆப் வழியாகக் கட்டிவிட்டு மற்றவர்களிடம் வசூலிப்பான் அல்லவா? ஆப்பில் கிடைத்த தள்ளுபடி வசூலில் வந்திருக்காது. ஏமாற்று இல்லை, மறதி. பில்லின் படத்தையும் கட்டிய தொகையையும் குரூப்பில் போடச் சொல்லிப் பழக்குங்கள். நட்சத்திர ஓட்டல் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. அறை வாடகை 7,500ஐத் தாண்டும் ஓட்டல்களில் சாப்பாட்டுக்கே ஜிஎஸ்டி 18 சதவீதம்.

நட்பில் காசு பேசுவது அசிங்கமா என்கிறீர்கள். இந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் போய்ப் பாருங்கள். மொய் விருந்து நடக்கும். பந்தலில் மேஜை போட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஊர், பெயர், தொகை எழுதி வாங்குவார்கள். போன முறை இவர் செய்தது எவ்வளவு, திருப்பிச் செய்வது எவ்வளவு, புதிதாகச் சேர்ப்பது எவ்வளவு என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். எழுதிவிட்டு அதே ஆட்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். தொகையைச் சொல்வதில் நம் ஆட்களுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. ஏசி அறையில் இருட்டு விளக்குக்குக் கீழே உட்கார்ந்த பிறகு கற்றுக்கொண்ட நாசூக்கு இது. அந்த நாசூக்குக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? 26,000 வாங்குகிறவர்.

அதனால் பரிசுக்கான 5,000இல் சேராதீர்கள். “நான் தனியா மொய் எழுதிடறேன்டா” என்று சொல்லிவிட்டு உங்கள் பெயரில் 1,001 வையுங்கள். நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் அவன் வீடும் அதைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்யும். ஐந்தாயிரம் செய்து வைத்தால் அதன்மேல் புதிதாகச் சேர்த்துத் திரும்பி வரும், அடுத்த முறை செய்ய உங்களுக்கு அதுவும் சுமைதான்.

கிரெடிட் கார்டுக்கு வருகிறேன். தம்பி, கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா இது? வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். 18,000க்கு 630. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 113. மொத்தம் 743. மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 900. அசலில் குறைவது 157 ரூபாய். ஒரு வருடம் கட்டியும் ஏன் இரண்டாயிரம்தான் இறங்கியிருக்கிறது என்பது இப்போது புரிகிறதா? இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பழைய பாக்கி நிற்கிறவரை புதிதாகத் தேய்ப்பதற்கு அந்த நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பேருந்து பாஸ் வாங்கக்கூட அந்தக் கார்டைத் தொடாதீர்கள். வீட்டில் இரண்டு வளையல் இருந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி இதை ஒரே அடியாக முடியுங்கள். வட்டி பொதுவாக இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

மற்றபடி, இடத்தை முடிவு செய்கிறவன்தான் செலவையும் முடிவு செய்கிறான். வெள்ளிக்கிழமை இரவு குரூப்பில் லொகேஷன் விழுந்த பிறகு முனகிப் பயனில்லை. புதன்கிழமையே நீங்கள் ஒன்றைப் போடுங்கள். இடத்தைவிட நேரத்தை மாற்றுவது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எலியட்ஸ் பீச், எட்டு மணிக்கு மயிலாப்பூரில் டிபன் என்றால், ஐடிக்காரன் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் பொங்கல், வடை, காபிக்கு மேல் செலவு செய்ய முடியாது. மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குப் பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது, கேண்டீனில் மட்டும்தான் செலவு. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. எல்லா வாரமும் இப்படி இழுக்காதீர்கள், சலித்துவிடும். இரண்டில் ஒன்று போதும்.

மற்றொன்றுக்கு, நுங்கம்பாக்கம் என்றால், பத்தரை மணிக்கு எழுந்து விடுங்கள். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து குரோம்பேட்டைக்கு நேர் ரயில், டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. கடைசி ரயிலை விட்டால் கேப்காரர் நானூறு ஐநூறு கேட்பார். நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.

அவர்கள் செய்ததற்கு எப்படித் திருப்பிச் செய்வது என்ற கவலையும் உங்கள் கடிதத்துக்குள் எங்கோ இருக்கிறது. வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஆறு இளைஞர்களுக்கும் அம்மாவுக்கும் சீரகச் சம்பா ஒரு கிலோ, கோழி ஒன்றேகால் கிலோ. வெங்காயம், தயிர், எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் முடியும். கெடுவது எங்கே தெரியுமா? பிரியாணி மட்டும் போட்டால் குறைச்சலாகத் தெரியுமோ என்ற பயத்தில் இறால் வறுவல், சிக்கன் 65, ஐஸ்கிரீம் என்று கடைக்கு ஓடுவீர்கள். ஆயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறாகும். தயிர்ப் பச்சடியும் கத்திரிக்காய்த் தொக்கும் போதும்.

நீங்கள் கேட்டது, சொல்லிவிடுவதா என்று. நிலைமையை யாரிடமும் சொல்ல வேண்டாம். தொகையை மட்டும் சொல்லுங்கள். ஈசிஆர் பங்களாவுக்கு, “நான் தங்கலைடா, சாயங்காலம் வந்து சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவேன், சாப்பாட்டுப் பங்கு எவ்வளவுன்னு சொல்லு” என்று எழுதிப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள். பங்களாக்காரர்கள் முன்பணம் வாங்கிவிட்டால் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள். அதன் பிறகு நீங்கள் பின்வாங்கினால் உங்கள் பங்கு மற்ற ஐந்து பேர் தலையில் விழும். அப்போது அவர்கள் கோபப்பட்டால் நான் அவர்கள் பக்கம்தான்.

அன்புடன்,
அக்கா