நெருக்கடியில் குழுவிடம் பேச எந்தச் சீன மரபுத்தொடர் பொருந்தும்?

கேள்வி: ஷென்ஜென் நகரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். ஆர்டர்கள் குறைந்துவிட்டன. வேலை போய்விடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் 'போ ஃபூ சென் ஜோ' என்று சொல்லித் தைரியமூட்டலாமா?

பதில்: வேண்டாம். 'பானையை உடை, படகை மூழ்கடி' என்ற அந்தத் தொடர், கி.மு. 207-இல் நடந்த ஜூலூ போரிலிருந்து வந்தது. சின் பேரரசின் படையோடு மோத ஆற்றைக் கடந்த தளபதி சியாங் யூ, படகுகளை மூழ்கடித்தார், பானைகளை உடைத்தார், மூன்று நாள் உணவை மட்டும் வீரர்களிடம் விட்டுவைத்தார். ஜெயித்தார், உண்மைதான். ஆனால் வீட்டுக் கடனோடு உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு, 'திரும்பிப்போக வழியில்லை' என்பது மிரட்டலாகத்தான் கேட்கும்.

'பெய் ஷுய் யீ ஜான்', அதாவது ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துப் போரிடுவது, இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய தொடர். கி.மு. 204-இல் தளபதி ஹான் சின் அப்படித்தான் படையை நிறுத்தினார். பலருக்கும் ஆறு மட்டுமே நினைவிருக்கிறது. அதற்கு முன்பே 2,000 குதிரை வீரர்களிடம் ஆளுக்கொரு சிவப்புக் கொடி கொடுத்து, மறைவான பாதையில் அனுப்பியிருந்தார். எதிரியான ஜாவ் நாட்டுப் படை முகாமைவிட்டு வெளியே வந்ததும் அந்தக் குதிரை வீரர்கள் உள்ளே புகுந்து கொடிகளை நட்டார்கள். எதிரி கலங்கியது அதைப் பார்த்துத்தான். அப்படியொரு திட்டம் உங்கள் கையில் இருந்தால் இந்தத் தொடரைச் சொல்லுங்கள்.

இல்லையென்றால் 'தோங் ஜோ கோங் ஜி' போதும்: ஒரே படகில் சேர்ந்து கரையேறுவது. வூ நாட்டாரும் யுவே நாட்டாரும் ஜென்மப் பகைவர்கள், ஆனாலும் ஒரே படகில் புயலில் சிக்கினால் இடக்கையும் வலக்கையும் போல உதவிக்கொள்வார்கள் என்று பழஞ்சீனப் போர்க்கலை அறிஞர் சுன் ட்சு சொன்னதில் இதன் வேர் இருக்கிறது. ஆனால் ஓவர்டைமை வெட்டிவிட்டு நிர்வாகத்தின் சலுகைகளைத் தொடாமல் வைத்திருந்தால், இதைச் சொல்லாமலிருப்பதே மரியாதை. நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் தொடர்.

'ஜோங் லியூ தி ஜூ' என்றும் ஒன்று உண்டு. சான்மென்ஷியா அருகே மஞ்சள் ஆற்றின் நடுவில் வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் பாறையைக் குறிக்கும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் தொடர் அல்ல இது. குழுவைத் தாங்கிப் பிடித்த மூத்த ஊழியர் ஒருவரை எல்லோர் முன்னாலும் இப்படிப் பாராட்டுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கூட்டத்துக்கு முன் ஒரு சீன நண்பரிடம் சொல்லிக்காட்டித் தொனியைச் சரிபார்த்துவிடுங்கள்.