பிறக்காத வீட்டுப் பலகை

கேள்வி: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், யூஜின் ஃபீல்டு பிறந்த வீடு இதுதான் என்று 1902-ல் ஒரு பலகை வைத்தார்களாம். அவர் பிறந்ததோ வேறு வீட்டில். வெறும் பத்தி எழுத்தாளர், கூடவே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். இவருக்கு ஒரு பொய்ப் பலகை தேவைதானா?

பதில்: 'வெறும்' பத்தி எழுத்தாளரா?

வெறும் கவிஞர் என்று எழுதிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். பத்தி எழுதுகிறவனை மட்டும் யாரும் சொல்லலாம். ஃபீல்டு 1883-ல் சிகாகோ வந்ததிலிருந்து 1895-ல் இறக்கும்வரை 'ஷார்ப்ஸ் அண்ட் ஃப்ளாட்ஸ்' என்ற பத்தியை நாளிதழில் எழுதினார். கவிஞருக்குப் பாட்டு வரவில்லை என்றால் நிலாவைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பத்திக்காரனுக்கு அச்சுக்கோப்பவர் வாசலில் நிற்பார். (இதை முன்பு ஒருமுறை எழுதியபோது சில கவிஞர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். இப்போது நிறுத்த அவர்களிடம் சந்தா இல்லை என்ற தைரியத்தில் மறுபடி எழுதுகிறேன்.)

இறைச்சி வியாபாரத்தில் பணம் சேர்த்த சிகாகோ பெரிய மனிதர்கள் திடீரென்று கலை, இலக்கியம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஃபீல்டு அவர்களைக் கிண்டல் செய்து 1887-ல் ஒரு புத்தகமே போட்டார். அதன் முகப்புப் படத்தில் புலவர்களுக்குச் சூட்டும் இலைமாலை மாதிரி ஒரு வளையம். உற்றுப் பார்த்தால் இலை இல்லை, சாசேஜ்! வரிசையாகக் கோத்த இறைச்சிக் குழல்கள். படத்துக்குப் பெயர், 'சிகாகோ இலக்கிய வட்டம்'. நமக்குத் தெரிந்த சில வட்டங்களின் ஆண்டுவிழா அழைப்பிதழ் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் எப்படியும் கடிதம் போடுவார்கள்.

சரி, பலகை. திறந்து வைத்தவர் மார்க் ட்வைன். இவன் இங்கே பிறக்கவில்லையே என்று ஃபீல்டின் தம்பியே சொன்னாராம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, ரோஜா எந்தத் தோட்டத்தில் பூத்தாலும் ரோஜாதான் என்கிற மாதிரி ட்வைன் சமாளித்துவிட்டார். அவரும் பத்திரிகையில் குப்பை கொட்டியவர்தானே! ஃபீல்டு இருந்திருந்தால் இன்னும் ரசித்திருப்பார். தன் பிறந்தநாளை அவர் செப்டம்பர் 2 என்றும் சொல்வார், 3 என்றும் சொல்வார். முதல் நாள் வாழ்த்த மறந்த நண்பர்களுக்கு மறுநாள் ஒரு வாய்ப்பு தருகிறாராம். பிறந்த தேதி இரண்டு இருக்கலாம், பிறந்த வீடு இரண்டு இருக்கக் கூடாதா?

எனக்குப் பொதுவாகவே பிறந்த வீட்டுப் பலகைகள் பிடிப்பதில்லை. பிறந்த வீட்டில் எவரும் அழுததையும் தூங்கியதையும் தவிர என்ன சாதித்தார்? பத்தி எழுதிய மேஜை இருந்த இடத்தில் வையுங்கள், வந்து கைதட்டுகிறேன்.

சிலை இன்னும் மோசம். 'சிற்பத்திலும் ஓவியத்திலும் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ரசனையை வளர்த்துக்கொண்டால் திவாலாகிவிடுவேன்' என்ற பொருளில் தன்னைப் பற்றி எழுதியவர் ஃபீல்டு. சிகாகோ லிங்கன் பூங்காவில் 1922-ல் அவர் நினைவாகச் சிலை. டென்வரிலும் பூங்காவில் சிலை: அவருடைய தாலாட்டில் மரச்செருப்பில் ஏறி வானத்தில் மீன் பிடிக்கப் போகிற மூன்று பயல்கள். இத்தனைக்கும் அந்தத் தன்குறிப்பில், 'எல்லாக் குழந்தைகளையும் நான் நேசிப்பதில்லை' என்றும் எழுதி வைத்திருக்கிறார். இதற்காகவே அவரைக் குழந்தைக் கவிஞர் என்று நம்புகிறேன். எல்லாக் குழந்தைகளையும் நேசிப்பதாகச் சொல்கிறவர் பக்கத்து வீட்டில் குழந்தை இல்லாதவர்.

பொய்ப் பலகை என்றீர்கள். அந்த வீடு பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் ஒன்று. 1930-களில் மற்ற பதினொன்றையும் இடித்துவிட்டார்கள். ஃபீல்டு பெயர் ஒட்டியிருந்த வீட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். 1936-ல் அது அருங்காட்சியகமானது. ஆனால் அங்கே குடியிருந்தவர்களில் சரித்திரம் தேடிவந்த மனிதர் அவருடைய அப்பா, வக்கீல் ராஸ்வெல் ஃபீல்டு. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் விடுதலை வழக்கை 1853-ல் ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர். உச்ச நீதிமன்றம் 1857-ல் ஸ்காட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, உள்நாட்டுப் போருக்கு விறகு அடுக்கிய அதே வழக்கு. அப்பாவை முன்னிட்டு 2007-ல் அந்த வீட்டைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

வக்கீலுக்காக எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை உண்டியல் குலுக்கும்?