பாதியில் போடும் கணக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

அத்தைக்கு ரொம்ப வருசமாகச் சர்க்கரை. புது மருந்துக்கான ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாம். பாதியிலேயே கணக்குப் பார்த்து, தேவைப்பட்டால் நிறுத்தியும் விடுவார்களாம். ஒரு குழுவில் நோய் முற்றியவர்கள் அதிகம் விழுந்துவிட்டால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது?

மு., சேரன்மகாதேவி

அன்புள்ள மு.,

அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. கன்னடியன் கால்வாயின் தலைமடையில் ஒரு நெல்லும் கடைமடையில் இன்னொரு நெல்லும் போட்டு விளைச்சலை ஒப்பிட்டால் நம்மூரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி ஆகாமல் இருக்கத்தான் குலுக்கல். ஆனாலும் தற்செயலாக ஏற்றத்தாழ்வு வரும். ஆள் சேரச்சேர அது குறையும், அதுவும் மெதுவாக: நாலு மடங்கு ஆள் சேர்ந்தால்தான் பாதியாகும். இடைக்கணக்கின்போது ஆள் குறைவு என்பதால் உங்கள் பயம் அங்கேதான் அதிகம் பொருந்தும்.

அமெரிக்காவில் 1960களில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய யுஜிடிபி என்ற ஆய்வும் சர்க்கரை நோய் பற்றியதுதான். சர்க்கரையைக் குறைக்கும் டோல்புட்டமைடு மாத்திரை எடுத்த 204 பேரில் 26 பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 205 பேரில் 10 பேர். ஆய்வு முடியுமுன்னே, 1969இல், அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். பெரிய சண்டை வந்தது. டோல்புட்டமைடு குழுவில் ஆரம்பத்திலேயே நெஞ்சுவலிக்காரர்களும் கொழுப்பு கூடியவர்களும் அதிகம் என்றார்கள், ஆய்வை ஏற்காதவர்கள். அது உண்மைதான். அதையெல்லாம் கணக்கில் சேர்த்துத் திருத்திப் பார்த்தபோதும் இறப்பு வித்தியாசம் மறையவில்லை. ஆனாலும் சண்டை வருசக்கணக்கில் ஓடியது. சாவு விழுந்த பிறகு செய்யும் திருத்தத்தை எதிர்த்தரப்பு லேசில் ஏற்காது.

அதனால்தான் ஆய்வு தொடங்கும்போது நோயாளிகளிடம் இருக்கும் எந்த அளவுகளை (வயது, சர்க்கரை, கொழுப்பு மாதிரி) வைத்துத் திருத்துவோம் என்பதை முதல் நோயாளி சேருமுன்பே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். இடைக்கணக்கிலும் அதே திருத்தம் வேண்டும். நோயின் போக்கை மாற்றாத ஓர் அளவில் குழுக்களுக்குள் வித்தியாசம் பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. மாற்றுகிற ஓர் அளவில் சின்ன வித்தியாசமும் முடிவைப் புரட்டும்.

அவசர முடிவுக்குத் தனிக் கடிவாளம் உண்டு. 1979இல் ஓபிரையன், ஃபிளெமிங் என்ற புள்ளியியலாளர்கள் சொன்ன முறைப்படி மொத்தம் 5 தடவை கணக்குப் பார்ப்பதானால், முதல் தடவையிலேயே நிறுத்த, மருந்தால் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக அவ்வளவு பெரிய வித்தியாசம் வர பத்து லட்சத்தில் சுமார் 5 வாய்ப்புதான் இருக்க வேண்டும்.

அத்தை கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் இரண்டு கேளுங்கள்: சர்க்கரை அளவைப் பார்த்துப் பிரித்துத்தான் குலுக்குகிறார்களா? இடைக்கணக்கைப் பார்ப்பது மருந்து கம்பெனியா, தனிக் குழுவா? சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றாலும் அத்தை எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதை அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.